பாத்திரமேற்பு விளையாட்டில் அழுகுணி ஆட்டம்

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, நடுவர் விவரிக்கும் உலகில் அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்லியே ஆடுவது பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படுகிறது. ஒரு செயல் பலிக்குமா பலிக்காதா என்ற ஐயம் எழும் இடத்தில் மட்டும் பகடை உருட்டப்படும். சகுனியின் பகடை நாட்டையே பணயமாகக் கொண்டது. இங்கோ பணயமும் இல்லை, வென்றவர் தோற்றவர் என்ற பிரிவும் பொதுவாக இல்லை. ஆயினும் விழுந்த எண்ணை மாற்றிச் சொல்வதும், பாத்திரத்தின் திறன்களை எழுதிவைக்கும் தாளில் இல்லாத வலிமையை ஏற்றிக்கொள்வதும் இவ்விளையாட்டின் நெடுநாளைய நோய்களாக இருந்துவருகின்றன. இப்படி அழுகுணி ஆட்டம் ஆடுபவர் எவருடைய பொருளையும் கவர்வதில்லை என்றாலும், எல்லாரும் சேர்ந்து தாங்க வேண்டிய ஆபத்திலிருந்து தாம் மட்டும் நழுவிக்கொள்கிறார். அதனால் உண்மையாக ஆடித் தம் பாத்திரத்தை இழந்தவரின் துணிவு மதிப்பிழந்து போகிறது.

இவ்விளையாட்டின் முன்னோடியில் இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை எனலாம். பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக இளைய ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் போர் விளையாட்டில், இரு தரப்பினரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுக்க, பகடையை உருட்டுவதும் இழப்பைக் கணக்கிடுவதும் படைகளை வரைபடத்தில் நகர்த்துவதும் அவர் பொறுப்பாகவே இருந்தன. எதற்கும் தீர்ப்பளிக்கும் உரிமை கொண்ட இத்தகைய நடுவர், சார்லஸ் டாட்டனின் ‘ஸ்ட்ரேட்டகோஸ்’ என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நூல் வழியாக மினசோட்டாவின் போர் விளையாட்டு ஆர்வலர்களை அடைந்தார். அங்கே டேவிட் வெஸ்லி 1969-இல் நடத்திய ‘பிரௌன்ஸ்டைன்’ ஆட்டத்திலிருந்து டேவ் ஆர்னெசனின் ‘பிளாக்மூர்’ கிளைத்தது.

ஆர்னெசனும் கேரி கைகாக்ஸும் 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டபோது, பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலிய ஆறு திறன்களையும் முடிவுசெய்ய மூன்று பகடைகளை உருட்ட வேண்டியவர் நடுவரே என்று விதித்திருந்தனர். ஆனால் நடைமுறையில் ஆட்டக்காரரே வீட்டில் தனியாக உருட்டி, நிரப்பிய தாளுடன் வந்து சேரும் வழக்கம் பரவிவிட்டது. மூன்று பகடைகளிலும் ஆறு விழுந்து 18 கிடைப்பது 216-இல் ஒரு முறைதான். ஆறு திறன்களுள் இரண்டேனும் 18 ஆக அமைவது ஏறத்தாழ 3,000 பாத்திரங்களில் ஒன்றுக்கே வாய்க்கும். அத்தகைய பாத்திரங்கள் ஒரே மேசையில் மூன்று நான்கு வந்து அமர்ந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பகடையும் இதற்குத் துணைபோனது. தொடக்க காலத்தில் புழங்கிய இருபது முகப் பகடையில் 1 முதல் 20 வரை எண்கள் இருக்கவில்லை. பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண்களே இருமுறை பொறிக்கப்பட்டிருந்தன. ஆட்டக்காரர்கள் மெழுகு வண்ணக்கோலைத் தேய்த்துப் பத்து முகங்களுக்கு ஒரு நிறமும் எஞ்சியவற்றுக்கு வேறு நிறமும் ஏற்றி, எந்த நிறம் பத்தைக் கூட்டித் தரும் என்று தாமே வகுத்துக்கொண்டனர். உருட்டும் முன்பே நிறத்தை உரக்கச் சொல்லாதவர், உருண்டு நின்ற பின் தமக்கு ஏற்ற நிறத்தைச் சொல்லிவிட முடியும். மென்மையான நெகிழியால் ஆன அப்பகடைகளின் முனைகள் நாளடைவில் மழுங்கியதால், கூரிய முனையுள்ள பகடைகளே நடுநிலையாக விழும் என்று லூ சாக்கி என்ற பகடை உற்பத்தியாளர் பல ஆண்டுகள் வாதிட்டார். பகடையைக் கெட்டியான உப்புநீரில் மிதக்கவிட்டு, ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வருகிறதா என்று சோதிக்கும் முறையும் ஆர்வலரிடையே உண்டு.

தொல்லை தருபவரைத் தண்டிப்பதே முதலில் தோன்றிய தீர்வு. கைகாக்ஸ் 1979-இல் எழுதிய நடுவர் கையேடு, அத்தகையவரின் பாத்திரத்தை வானிலிருந்து விழும் மின்னலால் தாக்கலாம், அதன் கவர்ச்சித் திறனைக் குறைக்கலாம், எதற்கும் மசியாதவரை வெளியேற்றலாம் என்ற போக்கில் அறிவுரை கூறியது. மேசையில் அமர்ந்திருக்கும் மனிதர் செய்த பிழைக்குக் கதைக்குள் இருக்கும் பாத்திரத்தைத் தண்டிக்கும் இம்முறை தவறானது. பிழை இன்னதென்று எவரும் வெளிப்படையாகப் பேசாத நிலையில், தண்டனை நடுவரின் வன்மமாகவே தோன்றும். தனியே அழைத்துப் பேசுவது என்னும் எளிய வழி இதைவிட எவ்வளவோ மேலானது. அதே கையேடு, நான்கு பகடைகளை உருட்டி மிகக் குறைந்ததை விலக்கும் முறையையும் தந்தது; இதன்படி 18 கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 62-இல் ஒன்றாக உயர்ந்ததால், பொய் எழுதும் ஆசை ஓரளவேனும் தணிந்திருக்கும்.

இன்னும் உறுதியான மாற்று, திறன்களை முடிவுசெய்வதிலிருந்து பகடையையே விலக்கியது. 1981-இல் வந்த ‘சாம்பியன்ஸ்’ விளையாட்டில் எல்லாருக்கும் ஒரே அளவு புள்ளிகள் தரப்பட, அவற்றைச் செலவிட்டே திறன்களை வாங்க வேண்டியிருந்தது. தாளைக் கூட்டிப் பார்க்கும் எவரும் பிழையைக் கண்டுவிடலாம். முன்பின் அறியாதவர்கள் ஒன்றுகூடும் பொது ஆட்டங்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தியது. 2014-இல் தொடங்கிய ‘அட்வென்ச்சரர்ஸ் லீக்’ என்ற அமைப்பு, திறன்களை உருட்டிப் பெறுவதைத் தடுத்து, 27 புள்ளிகளையோ முன்னரே வகுத்த எண் வரிசையையோ கட்டாயமாக்கியது.

நடுவரின் நிலை வேறு. அவர் தம் குறிப்புகளை மறைக்க முன்னால் நிறுத்தும் அட்டைத் திரைக்குப் பின்னே பகடை உருட்டி, தேவைப்பட்டால் விழுந்த எண்ணைப் புறக்கணிக்கவும் 1979-ஆம் ஆண்டுக் கையேடு இடமளித்திருந்தது. ஆட்டக்காரருக்கு மறுக்கப்பட்ட சலுகை நடுவருக்கு ஏன் என்ற கேள்வி நியாயமானதே. கருணையால் மாற்றப்பட்ட எண்ணும் மாற்றப்பட்ட எண்ணே ஆகும். 1991-இல் வெளியான ‘ஆம்பர்’ பகடையே இல்லாத விளையாட்டாக அமைந்தது. 2010-இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்டு’ நடுவரின் கையிலிருந்து பகடையை முற்றிலும் எடுத்துவிட்டு, ஆட்டக்காரரை மட்டுமே உருட்டச் செய்தது.

அவ்வழியில் 2012-இல் வெளிவந்த ‘டன்ஜன் வேர்ல்டு’, பொய்யின் ஆதாயத்தையே குறைத்தது: இரு பகடைகளின் கூட்டுத்தொகையும் திறனுக்குரிய எண்ணும் சேர்ந்து ஆறையோ அதற்குக் கீழான எண்ணையோ தந்தால் செயல் கைகூடாது, ஆனால் தோற்ற அந்த ஆட்டக்காரர் தம் பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளி ஒன்றைத் தாளில் குறித்துக்கொள்வார்.