திருவனந்தபுரமும் பெண்ணியல் ஆய்வும்

பெண்களின் வாழ்வையும், ஆண் பெண் வேற்றுமையைச் சமுதாயம் வகுத்த முறையையும் ஆராயும் கல்வி இன்று பல்கலைக்கழகங்களில் தனியோர் இடம் பெற்றுள்ளது. அதனைப் பெண்ணியல் என்றும் பாலின ஆய்வு என்றும் கூறுவர். இலக்கியம், சட்டம், வரலாறு, பொருளியல், மானிடவியல் ஆகிய பல துறைகள் ஒருங்கு கூடினாலன்றி இக்கல்வி நிறைவுறாது. இதற்கு நாம் வாழும் இத்திருவனந்தபுரமே தக்க சான்றாகும். அச்சான்றில் தமிழ்ப் புலவர் ஒருவருக்கும் பங்குண்டு என்பது நமக்குப் பெருமை தருவது.

இந்நகரில் உயர்கல்வியின் கதவம் பெண்களுக்கு எளிதில் திறந்துவிடவில்லை. மேரி பூனன் லூக்கோஸ் அம்மையார் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானம் பயில விரும்பினார். பெண் என்னும் காரணத்தால் அவ்வகுப்பில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே வரலாறு கற்று 1909-இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்றார். அவரே 1938-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார்.

வகுப்பினுள் பெண் புகலாமா என்பது அக்காலத்து வினா. வகுப்பில் கற்பிக்கப்படும் அறிவில் பெண்ணின் வாழ்வு இடம்பெற்றுள்ளதா என்பது அதனினும் ஆழ்ந்த வினா. இவ்விரண்டாம் வினாவைத் துறைதோறும் தொடர்ந்து சென்றால், பெண்ணின் ஒவ்வொரு நிலையும் நமக்குப் புலனாகும்.

முதலில் இலக்கியத்தை நோக்குவோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்நகரின் மகாராஜா மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாஞ்சில் நாட்டில், வேளாளரிடையே மருமக்கள் வழி நிலவியது. ஒருவரது சொத்து அவர்தம் மக்களுக்குச் செல்லாது, உடன்பிறந்தாள் மக்களுக்கே சென்றது. இதனால் மனைவியும் மக்களும் உற்ற துயரை, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நகைச்சுவைப் பாடலில் கவிமணி வடித்தார். காரணவர் ஒருவரின் மனைவியே தன் வாயால் கதை கூறுவதாக அது அமைந்தது. நகைச்சுவையின் அடியில் கண்ணீர் ஓடுவதைக் கற்போர் உணர்வர்.

அடுத்து வருவது சட்டம். 1925-இல் நாயர் சட்டமும், கொல்லம் ஆண்டு 1101-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் நிறைவேறின. தறவாட்டுச் சொத்தைப் பிரிக்கவும், மனைவி மக்கள் உரிமை பெறவும் வழி பிறந்தது. கேரளத்தில் 1975-இல் இயற்றப்பெற்ற சட்டத்தால் கூட்டுக்குடும்ப முறையே ஒழிக்கப்பட்டது. மனைவியின் துயர் தீர்ந்தது. கதை இனிதே முடிந்தது என்று நாம் எண்ணக்கூடும்.

ஆனால் வரலாறு வேறொன்றும் கூறுகின்றது. பொருளியல் அறிஞர் கே. சாரதாமணி அம்மையார், திருவிதாங்கூரில் தாய்வழி முறை மாறிய வரலாற்றை ஆராய்ந்து 1999-இல் நூலாக வெளியிட்டார். நாயர் இல்லங்களில் தாய்வீடு பெண்ணுக்குப் பிறப்புரிமையாக இருந்தது. அவ்வில்லங்கள் பாகமாகிச் சிதைந்தபோது, பெண் கணவனைச் சார்ந்து வாழ்பவளாக வகுக்கப்பட்டாள். ஒரே பெண் ஓரிடத்தில் மனைவி, மற்றோரிடத்தில் உடன்பிறந்தாள். கவிமணி மனைவியின் குறையைக் கண்டார். உடன்பிறந்தாள் இழந்ததைப் பிற்கால ஆய்வு கண்டது. இரண்டும் உண்மையே. ஒன்றை மட்டும் கற்றவர் பாதி உண்மையே கற்றவராவர்.

இனிப் பொருளியல். இந்நகரின் உள்ளூர்ப் பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையம் தோன்றியது. அங்குப் பணியாற்றிய லீலா குலாத்தி அம்மையார் வெறும் எண்களோடு அமையவில்லை. வயல் வேலை, செங்கற்சூளை, மீன் விற்பனை, கட்டட வேலை, கயிற்றுத் தொழில் ஆகியவற்றில் ஈடுபட்ட ஏழைப் பெண்கள் ஐவரின் வாழ்வை அணுகி ஆராய்ந்து, 1981-இல் நூலாக்கினார். வீட்டு உழைப்பும் இடைவிட்டு வரும் கூலி வேலையும் புள்ளிவிவர அட்டவணையில் எளிதில் அடங்கா. எனவே பொருளியலார் மானிடவியலாரின் வழியில் வீடு தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

2011 குடிக்கணக்கின்படி கேரளப் பெண்களில் எழுத்தறிந்தோர் 92 விழுக்காட்டினர். இது போற்றத்தக்கது. எனினும் வேலை, சொத்து, வரதட்சிணை, குடும்ப வன்முறை ஆகியவற்றையும் சேர்த்து நோக்குமாறு அதே மையத்தின் ஆய்வாளர்களான மிருதுல் ஈப்பனும் பிரவீணா கோடோத்தும் 2005-இலேயே வற்புறுத்தினர். எழுத்தறிவு ஒன்றை மட்டும் கொண்டு பெண்ணின் நிலையை அளந்துவிட இயலாது என்பது இதனால் விளங்கும்.

நம் இல்லங்களிலும் இவ்வாராய்ச்சிக்குரிய செல்வம் உண்டு. பாட்டிமார் சொல்லும் செய்திகள், பழைய பாகப்பத்திரங்கள், மணவினைக் கணக்குகள், கடிதங்கள் ஆகியன பரணில் கிடந்து செல்லரிக்கின்றன. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இவை விரைந்து அழியும். அவற்றை இளைஞர் பேணித் தொகுப்பாராக. நம் மகளிர் எத்துறை கற்பினும், அத்துறை பெண்ணைப் பற்றி யாது கூறுகின்றது, யாது கூறாது விடுகின்றது என்று வினவுவாராக. அவ்வினாவே கல்வியை முழுமையாக்கும்.