மக்கும் தன்மைச் சோதனைகள்

மக்கும் தன்மைச் சோதனைகள் என்பவை, ஒரு வேதிப்பொருளை நுண்ணுயிரிகள் எவ்வளவு விரைவாக, எந்த அளவிற்குச் சிதைக்கின்றன என்பதை ஆய்வகத்தில் அளந்தறியும் முறைகள் ஆகும். சலவைப்பொருட்கள், பூச்சிக்கொல்லிகள், கரைப்பான்கள் போன்றவை நீரிலும் மண்ணிலும் நெடுங்காலம் தங்குமா என்பதை முன்கூட்டியே மதிப்பிட இவை பயன்படுகின்றன. ஒரே பொருள் ஒரு சோதனையில் தேறி மற்றொன்றில் தவறக்கூடும். எனவே எந்தச் சோதனையில் எது அளக்கப்பட்டது என்பதை அறிந்தால்தான் "மக்கக்கூடியது" என்ற சொல்லின் பொருள் தெளிவாகும்.

== வரலாறு ==

1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் பெருமளவில் நுரை திரண்டது. அக்காலச் சலவைத்தூள்களில் இருந்த, கிளைத்த கார்பன் சங்கிலி கொண்ட மூலக்கூறுகளை நுண்ணுயிரிகளால் எளிதில் சிதைக்க முடியாததே இதற்குக் காரணம். மேற்கு செருமனி 1961இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1960களின் நடுப்பகுதியில் நேர்ச்சங்கிலி மூலக்கூறுகள் பயன்பாட்டிற்கு வந்தன.

சப்பானில் 1968இல், பிசிபி எனப்படும் குளோரின் சேர்மங்கள் கலந்த தவிட்டு எண்ணெயை உண்ட பலர் நஞ்சூட்டத்திற்கு உள்ளாயினர். அதன் விளைவாக 1973இல் இயற்றப்பட்ட சட்டம், புதிய வேதிப்பொருட்களின் மக்கும் தன்மையைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1981இல் பொதுவான சோதனை நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றுள் 301 என்ற எண்ணுடையது 1992இல் திருத்தப்பட்டது.

== அளக்கப்படுபவை ==

மூலக்கூறு சற்றே மாறித் தன் பண்பை இழப்பது முதனிலைச் சிதைவு எனப்படும். அது கார்பன் டை ஆக்சைடு, நீர், கனிம உப்புகள், நுண்ணுயிர்த் திரள் ஆகியவையாக முற்றிலும் மாறுவது முழுச் சிதைவு எனப்படும். முழுச் சிதைவு மூன்று வழிகளில் அளக்கப்படுகிறது.

* நீரில் கரைந்துள்ள கரிமக் கார்பன் குறைதல்
* நுண்ணுயிரிகள் ஆக்சிசனை நுகர்தல்
* கார்பன் டை ஆக்சைடு வெளியேறுதல்

28 நாட்களுக்குள் முதல் அளவில் 70 விழுக்காட்டையும், மற்ற இரண்டில் 60 விழுக்காட்டையும் எட்டும் பொருள் "எளிதில் மக்குவது" என வகைப்படுத்தப்படும். சிதைவு 10 விழுக்காட்டைத் தொட்டதிலிருந்து 10 நாட்களுக்குள் இந்த எல்லையை அடைய வேண்டும் என்பது பொது விதி. கார்பனின் ஒரு பகுதி நுண்ணுயிரிகளின் உடலாக மாறிவிடுவதால் 100 விழுக்காடு எதிர்பார்க்கப்படுவதில்லை.

== முறைகளின் ஒப்பீடு ==

301ஆம் நெறிமுறையில் ஆறு முறைகள் உள்ளன.

* '''301ஏ, 301ஈ:''' கரைந்த கார்பனை அளப்பவை. நீரில் கரையும், ஆவியாகாத பொருட்களுக்கே பொருந்தும். பொருள் கசட்டில் ஒட்டிக்கொண்டாலும் கார்பன் குறைந்ததாகவே தோன்றும்.
* '''301பி:''' கார்பன் டை ஆக்சைடை அளப்பது. கரையாத பொருட்களுக்கும் ஏற்றது. குடுவையினுள் காற்று செலுத்தப்படுவதால் ஆவியாகும் பொருட்களுக்கு ஏற்றதன்று.
* '''301சி:''' சப்பானிய முறை. குறைந்தது பத்து இடங்களிலிருந்து திரட்டிய நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆக்சிசன் நுகர்வை அளக்கிறது. பொருளின் அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராம்.
* '''301டி:''' மூடிய குப்பி முறை. லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் பொருளே இடப்படுவதால், நுண்ணுயிரிகளுக்கு நஞ்சாகும் பொருட்களையும் சோதிக்கலாம். ஆவியாகும் பொருட்களுக்கும் ஏற்றது. நுண்ணுயிரிகள் மிகக் குறைவாக இருப்பதால் தேறுவது கடினம்.
* '''301எஃப்:''' மூடிய கலனில் ஆக்சிசன் நுகர்வைத் தொடர்ந்து அளப்பது. கரையாத பொருட்களுக்கு ஏற்றது. இதிலும் பொருளின் அளவு ஏறத்தாழ 100 மில்லிகிராம் என்பதால், நஞ்சுள்ள பொருள் நுண்ணுயிரிகளின் செயலை முடக்கிவிடலாம்.

ஆக்சிசனை அளக்கும் முறைகளில், நைட்ரசன் உள்ள பொருட்களிலிருந்து வெளிப்படும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போதும் ஆக்சிசன் செலவாகும். இதற்குத் திருத்தம் செய்யாவிடில் சிதைவு மிகையாகத் தோன்றும்.

இவற்றினும் எளிய நிலைமைகளைக் கொண்டது 302பி எனப்படும் சான்-வெல்லன்சு முறை. 301ஏ முறையில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை கசடு இடப்படுகையில், இதில் 200 முதல் 1000 மில்லிகிராம் வரை இடப்படுகிறது. இதில் மட்டும் தேறும் பொருளை "எளிதில் மக்குவது" எனக் கூற இயலாது. மண், நீர்ப்படிவு, ஆற்றுநீர் ஆகியவற்றில் சிதைவு வேகத்தை அளக்க முறையே 307, 308, 309 ஆகிய நெறிமுறைகள் உள்ளன.

== முடிவுகளின் பொருள் ==

301 முறைகளில் நுண்ணுயிரிகள் குறைவு. அவற்றை அப்பொருளுக்கு முன்னதாகப் பழக்குவதும் இல்லை. எனவே இதில் தேறும் பொருள் இயற்கைச் சூழலிலும் விரைவாகச் சிதையும் என நம்பலாம். தவறும் பொருள் சிதையாதது என உறுதியாகிவிடாது. மேலும் சோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

முதனிலைச் சிதைவை மட்டும் நம்புவதன் இடருக்கு நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டுகள் சிறந்த எடுத்துக்காட்டு. இச்சலவைப்பொருட்களின் நுரைக்கும் பண்பு சிதைவின்போது மறைந்துவிடும். ஆனால் எஞ்சும் நோனைல்பீனால் நீர்வாழ் உயிரினங்களுக்கு நஞ்சாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. 2004ஆம் ஆண்டின் சலவைப்பொருள் ஒழுங்குவிதி, முழுச் சிதைவையே அளவுகோலாகக் கொண்டது.

== இவற்றையும் பார்க்க ==

* நீர் மாசடைதல்
* கழிவுநீர்ச் சுத்திகரிப்பு
* உயிர்வேதியியல் ஆக்சிசன் தேவை