வாடகை வீடும் இரண்டு அச்சங்களும்

சென்ற மாதம் லண்டனிலிருந்து பழைய நண்பரொருவர் தொலைபேசியில் பேசினார். அவரது மகள் படிப்பை முடித்துக்கொண்டு வேறொரு நகரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அங்கே வீடுகளை வாடகைக்கு ஒழுங்குசெய்து கொடுக்கும் முகவர் நிலையமொன்று சம்பளக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம், முன்பிருந்த வீட்டுக்காரரின் நற்சான்று, அந்த நாட்டில் வாழும் உரிமைக்கான ஆதாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறது. “வீடு கேட்டுப் போன பிள்ளையைக் குற்றவாளி மாதிரி விசாரிக்கிறாங்கள்” என்று நண்பர் சினந்துகொண்டார். “1996இல நாங்கள் ரெண்டு பேரும் வெள்ளவத்தையில வீடு தேடினதை மறந்திட்டீரோ?” என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு இருவரும் சிரித்தோம்.

அந்த உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம். கொழும்பின் வாடகை வீடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அது இரண்டு அச்சங்களின் வரலாறு. குடிவந்தவர் இனி எழும்பமாட்டார் என்று வீட்டுக்காரர் கொண்ட அச்சம் ஒன்று. குடிவருபவர் யாரோ, எவரோ என்ற அச்சம் மற்றையது. முதலாவதைச் சட்டம் உண்டாக்கியது. இரண்டாவதை யுத்தம் உண்டாக்கியது. இரண்டுக்கும் நடுவே குடையும் குறிப்புப் புத்தகமுமாகத் திரிந்தவர்தான் வீட்டுத் தரகர்.

யுத்தகாலத்தில் வாடகையைக் கட்டுப்படுத்தும் வழக்கம் பிரித்தானியாவிலிருந்து வந்தது. 1915இல் கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் கூட்டப்பட்ட வாடகையைக் கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அந்த ஆண்டிலேயே அங்கு வாடகை உயர்வைத் தடுக்கும் சட்டம் வந்தது. அடுத்த உலக யுத்தத்தில் இலங்கைக்கும் அந்நிலை ஏற்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. துறைமுகமும் படைகளும் யுத்தத் தொழில்களும் நகரத்து இடங்களை விழுங்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டில், 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. யுத்தம் முடிந்த பின்பும் கட்டுப்பாடு போகவில்லை. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அதனை நிலைப்படுத்தியது. 1941 நவம்பரில் நடைமுறையிலிருந்த மதிப்பீடே பழைய வீடுகளின் வாடகைக்கு அளவுகோலாயிற்று. ஆண்டுகள் போகப்போக அரிசியின் விலையும் சம்பளமும் சீமெந்தின் விலையும் மாறின. வாடகை மட்டும் யுத்தகாலத்திலேயே நின்றுவிட்டது.

1972 மார்ச் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளரின் கையை மேலும் பலப்படுத்தியது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக்கூடாது. வாடகைக்கு மேலாக வேறு பணம் கேட்பது குற்றம். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சிச் சபையில் கட்டிவிடலாம். குடியிருப்பாளர் இறந்தால் அவரோடு வாழ்ந்த துணைவரோ பிள்ளைகளோ அந்த உரிமையைத் தொடரலாம். சட்டம் குறித்த காரணங்களின்றி ஒருவரையும் வெளியேற்ற முடியாது. மறுவருடம் இன்னொரு இடி விழுந்தது. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், 1973ஆம் ஆண்டின் முதலாம் இலக்க வீட்டு உடைமை உச்சவரம்புச் சட்டம் வந்தது. தங்கிவாழும் பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டினால் எத்தனையோ, அத்தனை வீடுகளையே ஒரு குடும்பம் வைத்திருக்கலாம். மிகுதி அரசைச் சேர்ந்தது. அவற்றில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றையே விலைக்கு வாங்க வழி பிறந்தது.

இந்தச் சட்டங்களைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. மாதச் சம்பளத்தில் வாழ்ந்த எத்தனையோ எழுதுவினைஞர் குடும்பங்களும் ஆசிரியர் குடும்பங்களும் அவற்றினால்தான் கொழும்பில் கூரையோடு வாழ்ந்தன. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று யாவரும் அதில் அடங்குவர். ஆனால் அதன் மறுபக்கமும் உண்மையே. வாடகைக்குக் கொடுத்தால் வீடு போய்விடும் என்ற எண்ணம் கொழும்பு வீட்டுக்காரர்களின் மனதில் ஆழப் பதிந்தது. வெறுமையான வீட்டைப் பூட்டிவைத்தவர்கள் இருந்தார்கள். கொடுத்தவர்களோ பற்றுச்சீட்டில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாக வாங்கினார்கள். ‘கீ மணி’ என்ற சொல் கொழும்புத் தமிழில் புகுந்தது. வெளியில் சொல்ல முடியாத பணத்தை இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசி முடிக்க ஒருவர் தேவைப்பட்டார். தரகரின் தொழில் இவ்வாறுதான் வேர்கொண்டது.

1980இல் காற்று மாறித் திரும்பியது. அவ்வாண்டின் 55ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 1980 ஜனவரி முதலாம் திகதிக்குப் பின்னர் கட்டி வாடகைக்கு விடப்படும் குடியிருப்பு வீடுகளை வாடகைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. புதிய வீட்டுக்குச் சந்தை சொல்வதே வாடகையென்றாயிற்று. முதல் அச்சத்துக்குச் சட்டத்தில் மருந்து கிடைத்துவிட்டது. மூன்று ஆண்டுகளில் மற்றைய அச்சம் வந்து சேர்ந்தது.

1983 ஜூலையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எரிந்த கடைகளையும் ஆலைகளையும் சொந்த வீடுகளையும் பற்றி எழுதியவர்கள் வாடகைக் குடியிருப்பாளரை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. சேதமுற்ற சொத்துகள் அவசரகால விதிகளின் கீழ் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டு, ‘றெப்பியா’ எனப்பட்ட புனர்வாழ்வு அதிகாரசபையிடம் ஒப்படைக்கப்பட்டன. உறுதி வைத்திருந்தவர் தம் உறுதியைக் கொண்டு அலுவலகப் படியேறலாம். அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போன வாடகைக் குடும்பத்திடம் எந்தக் காகிதம் இருந்தது? 1972ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை, அந்த வீட்டில் தொடர்ந்து வாழ்பவருக்கான உரிமை. துரத்தப்பட்டவருக்கு அது வெறும் எழுத்து.

இனி என் கதைக்கு வருகிறேன். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி தகர்க்கப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருந்த நானும் மேற்சொன்ன நண்பரும் வீடு தேடத் தொடங்கினோம். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வயது இருபத்தைந்துக்கு அண்மை. அதைவிட மோசமான தகுதி அன்றைய கொழும்பில் வேறில்லை. காலி வீதியில், வெளிநாட்டு அழைப்புகளுக்காக ஆட்கள் வரிசையில் காத்திருக்கும் தொலைத்தொடர்புக் கடையொன்றின் வாசலில் எங்கள் தரகர் நிற்பார். அறுபது வயதிருக்கும். பழைய வருடத்து டயறியொன்றில் வீடுகளின் விபரம் எழுதி வைத்திருந்தார். அறை எத்தனை, வாடகை எவ்வளவு என்பதற்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறிப்பு இருந்தது. ‘குடும்பம் மட்டும்.’ ‘வெளிநாட்டுக் காசு வேண்டும்.’ ‘பொடியன்கள் வேண்டாம்.’

அவர் முதலில் கூட்டிச்சென்ற மூன்று வீடுகளும் தமிழர்களின் வீடுகள். மூன்றிலும் கதவு திறந்தது. மூன்றிலும் தேநீர் தந்தார்கள். மூன்றிலும் வீடு இல்லையென்றார்கள். அவர்களுள் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் மறைக்காமல் சொன்னார். “தம்பி, நீங்கள் நல்ல பிள்ளையள் எண்டு முகத்திலயே தெரியுது. ஆனா இரவு பொலிஸ் வந்து ஆர் இவங்கள் எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? நான் தனிச்ச மனுசி.” அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் பல ஆண்டுகள் இருந்தது. வீட்டில் தங்கியிருப்போரின் பெயர்களை வீட்டுக்காரரே பொலிஸ் நிலையத்தில் பதியவேண்டிய காலம் அது. வாடகைக்கு இருப்பவர்மேல் சந்தேகம் விழுந்தால் வீட்டுக்காரரையும் கொண்டுபோவார்கள். அந்த அம்மையாரிடம் நாங்கள் கேட்டது அறையை மட்டுமல்ல, பிணையையும்தான் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது.

நான்காவதாகக் கிருலப்பனையில் ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சிங்கள அரசாங்க உத்தியோகத்தர். வீட்டோடு சேர்த்துப் பின்னாளில் கட்டிய ஓர் அனெக்ஸ். மாதம் நாலாயிரம் ரூபா. எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். பிறகு கேட்ட முதற் கேள்வி: “ஒப்பந்தம் முடிந்ததும் எழும்பிப் போவீர்களா?” நாங்கள் திகைத்தோம். அவருடைய தகப்பனாருக்கு மூன்று வீடுகள் இருந்தனவாம். 1973இல் பிள்ளைகள் யாவரும் வளர்ந்துவிட்டபடியால் இரண்டு வீடுகளே மிஞ்சின. மூன்றாவது வீடு, இருபது வருடமாக ஐம்பது ரூபா வாடகையில் இருந்த குடும்பத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு தகப்பனார் அந்தத் தெருவாலேயே நடக்கவில்லை என்றார். பொலிஸ் பதிவைப் பற்றிக் கேட்டோம். “நாளைக் காலை ஒன்றாகப் போவோம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மறுபடி ஒப்பந்தத்தின் முடிவுத் திகதிக்கே வந்தார்.

அவருடைய அனெக்ஸ் 1980க்குப் பிறகு கட்டப்பட்டது. வாடகைச் சட்டம் அதனைத் தொடவே முடியாது. அதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். தமக்கும் தெரியும் என்றார். ஆயினும் நொத்தாரிசிடம் போய் ஒரு வருட ஒப்பந்தம் எழுதிய பின்னரே திறப்பைத் தந்தார். சட்டம் மாறிப் பதினாறு வருடங்களாகியும் அச்சம் மாறவில்லை. ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கட்டினோம். கனடாவிலிருந்த நண்பரின் தமையனார் அனுப்பிய பணம் அது. தரகர் தமக்குரிய ஒரு மாத வாடகையைச் சதம் குறையாமல் எண்ணி வாங்கிக்கொண்டார். மறுநாட் காலை வீட்டுக்காரர் சொன்னபடியே எங்களோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்து படிவத்தில் ஒப்பமிட்டார்.

வீடு தர எவருமில்லாதவர்கள் லொட்ஜுகளில் தங்கினார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடியவர்கள் என்று பலவகையினர். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன்னர் பொலிஸார் கொழும்பு லொட்ஜுகளுக்குள் புகுந்து 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில், மறுநாளே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அவர்கள் யாவரும் அறைக்கான பணத்தைக் கட்டியவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 

நமது சட்டங்கள் வாடகை எவ்வளவு, எழுப்புவது எப்படி என்று அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பேசியிருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம்கூட, குத்தகை முடிந்த இடத்தை உரிமையாளர் விரைவாக மீட்பதற்கான ஏற்பாடே. ஆனால் இன்னார் என்பதற்காக ஒருவருக்கு வீடு மறுக்கப்படுவதைப் பற்றி அவை பேசவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை இனம், மதம், சாதி முதலியவற்றைக் காட்டிக் கடைகளிலும் உணவகங்களிலும் ஹோட்டல்களிலும் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டம் வீடு கொடுப்பதிலும் பாகுபாட்டைத் தடைசெய்தது. இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல், வாடகைக்கு வருபவரிடம் முகவர்கள் பெரும்பாலான கட்டணங்களை அறவிடவும் தடையுண்டு. நண்பரின் மகள் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆயினும் இனத்தைக் காட்டிக் கதவை மூடினால் வழக்குப் போட அவளுக்குச் சட்டமொன்று உண்டு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னர் என்னோடு வேலைசெய்த முஸ்லிம் இளைஞர் ஒருவர் வீடு தேடி அலைந்தார். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த தமிழ் வீட்டுக்காரர் ஒருவரிடம் அவரைக் கூட்டிச்சென்றேன். தேநீர் வந்தது. பின்பு வீட்டுக்காரர் என்னை மட்டும் தனியே அழைத்து, “குறை நினைக்காதையுங்கோ. பொலிஸ் வந்தா நான் என்னத்தைச் சொல்லுறது?” என்றார். 

அந்த வாக்கியத்தை நான் முன்பு கேட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த இளைஞருக்கு அன்று வீடு கிடைக்கவுமில்லை. எங்களுக்காக ஒருவர் பொலிஸ் நிலையம்வரை நடந்து வந்தார். அவ்வாறு நடப்பதற்கு நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறோம் என்பதை வாசகர்கள் தத்தம் மனதைக் கேட்டுப் பார்க்கட்டும்.