கறவை மாட்டுத் தீவன மேலாண்மை

மாட்டின் எடை, பால் அளவு, சினைநிலை ஆகியவற்றுக்கேற்பத் தீவனத்தை அளந்து தரும் முறை. பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போவதால் பண்ணையின் லாபநட்டம் இதைச் சார்ந்தது. தமிழ்நாட்டுப் பண்ணைகளில் கலப்பினப் பசு ஒன்றுக்கு நாள்தோறும் 20 முதல் 25 கிலோ பசுந்தீவனமும், 4 முதல் 6 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டையும் பொதுவான அளவு. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுடன் வேலிமசால் சேர்த்தால் புரதக் குறை ஈடாகும். அடர்தீவனம் உடல் பராமரிப்புக்கு ஒன்றரை முதல் 2 கிலோ. அதற்குமேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. தாது உப்புக் கலவையும் அன்றாடம் தேவை.

பசுவின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கின்றன. தீவனம் திடீரென மாறினால் அவை நிலைகுலையும். ஆகவே மாற்றத்தைப் பத்து நாட்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும். விருந்தில் மிஞ்சிய சோற்றை அள்ளி வைப்பது பாசத்தால் செய்யும் பெருந்தீங்கு: அமிலம் மிகுந்து, அசைபோடுவது நின்று, மாடு இறக்கவும் கூடும். நார்த்தீவனம் குறைந்தால் பாலின் கொழுப்பும் குறையும்.

பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். தொட்டியில் எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இல்லாத பண்ணையில் எவ்வளவு நல்ல தீவனமும் முழுப்பலன் தராது.