கோபமாக

சினத்தோடு ஒன்றைச் செய்வதைச் சொல்லும் வினையடை. 'கோபம்' என்ற பெயருடன் 'ஆக' சேர்ந்து வந்தது, பேச்சில் 'கோவமா'.

பழந்தமிழுக்கு இப்படியொரு சொல் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. சினந்து, வெகுண்டு, செற்று என்று வினையெச்சமே அந்த வேலையைச் செய்துவிடும். 'கோபம்' அங்கே வேறொன்று: மழைக்காலத்தில் ஈரமண்ணில் ஊரும் செந்நிறப் பட்டுப்பூச்சி. திருமுருகாற்றுப்படை ஆடையின் சிவப்புக்கு உவமை சொல்வது இந்தப் பூச்சியைத்தான். சினத்தைக் குறிக்கும் கோபம் வடமொழி வழி வந்தது.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வெகுளியை வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: உறுப்பைச் சிதைத்தல், சுற்றத்தாரை நலிதல், அலைத்தல், கொலை. வெறும் எரிச்சலுக்கு அங்கே இடமில்லை. அதே நூலின் உரியியலில் 'கறுப்பு', 'சிவப்பு' இரண்டுக்கும் வெகுளி என்றே முதலில் பொருள் சொல்லப்படுகிறது. அவை நிறத்தையும் குறிக்கும் என்பது அதற்கு அடுத்துத்தான். திருக்குறளின் 31ஆம் அதிகாரம் 'வெகுளாமை'. இன்று 'அவன் ஒரு வெகுளி' என்றால் சூதுவாது தெரியாதவன் என்று அர்த்தம். ஒரு சொல் இதைவிடத் தலைகீழாக மாறுவது கடினம்.

'ஆத்திரமாக' என்பதில் கோபத்தோடு பதற்றமும் உண்டு. 'ஆத்திர அவசரத்துக்கு' என்ற வழக்கில் கோபம் துளியும் கிடையாது, அவசரம் மட்டும்தான்.

ஆவடி – பூந்தமல்லி சாலையில் உள்ள பருத்திப்பட்டு போன்ற புறநகர்ப் பேச்சில் 'கோவமா'வுக்குப் போட்டி அதிகம். சில்லறை இல்லாத பயணியிடம் கண்டக்டர் 'கடுப்பாகிறார்'. இளவட்டங்கள் 'காண்டாகிறார்கள்'. 'டென்ஷன் ஆகாதீங்க சார்' என்பதற்குக் கோபப்படாதீர்கள் என்பதே பொருள். மன அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவற்றில் நுட்பமானது 'கோவிச்சுக்கிட்டு'. 'கோவமா போனான்' என்று யாரைப் பற்றியும் சொல்லலாம். 'கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா' என்றால் போனவள் வீட்டு மனுஷி, சமாதானம் செய்யப் பின்னால் ஒருவர் போகவேண்டும். கல்யாண வீட்டில் பத்திரிகை பிந்திப்போன மாமாவிடம் 'கோவிச்சுக்காதீங்க மாமா' என்பது பாதி மன்னிப்பு, பாதி உரிமை. முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்கும்போதும் 'கோவிச்சுக்காதீங்க, இந்த அட்ரஸ் எங்க?' என்று தொடங்குவார்கள். கோபமே இல்லாத இடத்தில்தான் இந்தச் சொல் அதிகம் புழங்குகிறது.