கரை சொன்ன சேதி

சின்ன அணைதானே என்று அசட்டையாக இருக்கலாமா? ஒரு வரலாற்றைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை இருந்தது. அதிலிருந்து மின்சாரம் எடுத்து வந்தார்கள். 1957-இல் அந்த வேலை நின்றது. ஏரி பொழுதுபோக்கு இடமாயிற்று. அருவிக்குக் கீழே ஒரு கல்லூரி. அங்கே குடும்பங்களும் குடியிருந்தன.

1973-இல் எடுத்த படத்திலேயே கரையின் வெளிச்சரிவில் மண் சரிந்திருந்தது தெரிகிறது. அதுதான் கரை சொன்ன சேதி. 1977 நவம்பர் 6, பலத்த மழைக்குப் பின், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு அணை உடைந்தது. 39 உயிர்கள் போயின. அதன் பிறகே, ஆபத்தான அணைகளைச் சோதிக்க அதிபர் கார்ட்டர் உத்தரவிட்டார்.

பிள்ளைகளே, குளத்தங்கரைக்குப் போனால் தண்ணியை மட்டும் பார்க்காதீர்கள், கரையையும் பாருங்கள். மண் சரிந்தாலோ, புதுசாகத் தண்ணி கசிந்தாலோ ஓடிவந்து சொல்லுங்கள். பெரியவர்களே, பிள்ளை சொல்வதுதானே என்று தள்ளிவிடாதீர்கள்!