சாணித்தாளில் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்



வழக்கமாகப் போர், அரசர், உடன்படிக்கை என்று எழுதுகிறேன். இந்த வாரம் அவை எதுவும் இல்லை. நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் மாயக்கதைகளும் திகில் கதைகளும் எழுதிப் பிழைத்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

அவர் பெயர் கெர்ட்ரூட் பாரோஸ் பென்னட். ஊர் மினியாபொலிஸ். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. படம் வரையும் தொழிலுக்குப் போக ஆசைப்பட்டு இரவுப் பள்ளியில் சேர்ந்தார். கடைசியில் கிடைத்தது சுருக்கெழுத்து, தட்டச்சு வேலை. உங்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு லீவில் தட்டச்சு லோயர், ஹையர் என்று போனீர்கள்! அதே வேலைதான். ஆயுளில் பெரும்பகுதி அவருக்குச் சோறு போட்டது அந்த வேலை.

அவர் எழுதிய பத்திரிகைகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 1896-இல் ஃபிராங்க் மன்சி என்ற பதிப்பாளர் தன்னுடைய ‘ஆர்கஸி’ பத்திரிகையை முழுக்கக் கதைப் பத்திரிகையாக மாற்றினார். மரக்கூழில் செய்த மலிவான தாளில் அச்சடித்து 10 சென்ட்டுக்கு விற்றார். மரக்கூழுக்கு ஆங்கிலத்தில் ‘பல்ப்’ என்று பெயர். அதனால்தான் இவை பல்ப் பத்திரிகைகள் ஆயின. நாம் சாணித்தாள் என்போமே, அந்த ரகம். சில வருடங்களில் பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடியும். எழுதுகிறவருக்குச் சொல் கணக்கில் காசு. படித்தவர்கள் இவற்றை இலக்கியம் என்று மதிக்கவில்லை. ஆனால் ரயிலிலும் பட்டறையிலும் லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள்.

பென்னட்டின் முதல் கதை 1904-இல் ‘ஆர்கஸி’யில் வந்தது. ஆய்வுக்கூடத்தில் நடந்த விபத்தால் அசுர பலம் பெறும் ஒரு மனிதனின் கதை. அதற்குப் பிறகு 13 வருடம் எதுவும் வரவில்லை. 1909-இல் ஒரு ஆங்கிலேயப் பத்திரிகையாளரைத் திருமணம் செய்துகொண்டு பிலடெல்பியாவுக்குப் போனார். அடுத்த வருடமே கணவர் இறந்தார். புதையல் தேடிக் கடலில் போனவர், புயலில் சிக்கி மூழ்கிப் போனார். கையில் பச்சைக் குழந்தை. நோயாளியான தாயையும் இவரே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. அலுவலகச் சம்பளம் மட்டும் போதவில்லை. வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி கதை.

1917-இல் மறுபடி எழுதத் தொடங்கினார். புனைபெயர் வேண்டும் என்று கேட்டு, ஜீன் என்று தொடங்கும் ஒரு பெயரைச் சொன்னார். பத்திரிகை ஆசிரியரோ ‘ஃபிரான்சிஸ் ஸ்டீவன்ஸ்’ என்று போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் ஃபிரான்சிஸ் என்ற பெயரின் கடைசிப் பகுதியில் ‘ஐ’ எழுத்து வந்தால் ஆண், ‘ஈ’ எழுத்து வந்தால் பெண். அச்சில் வந்தது ‘ஐ’. வாசகர்களுக்குக் கதை பிடித்துப் போனதால் அந்தப் பெயரே நிலைத்தது.

இனி கதைகளுக்கு வருகிறேன்.

1918-இல் வந்த ‘சிட்டடல் ஆஃப் ஃபியர்’ நாவலில் இரண்டு பேர் மெக்சிகோவில் ஒளிந்து கிடக்கும் பழைய நகரம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒருவன் நல்லவன், இன்னொருவன் பேராசைக்காரன். இதோடு முடிந்திருந்தால் அது அந்தக் காலத்தில் டஜன் கணக்கில் வந்த சாகசக் கதைகளில் ஒன்று. ஆனால் 15 வருடம் கழித்து, அந்தத் தீமை அமெரிக்காவின் ஒரு சாதாரண ஊரில் இருக்கும் வீட்டுக்கே வந்து சேர்கிறது. நாவலின் பயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

1920-இல் வந்த ‘கிளெய்ம்டு’ நாவலில், எரிமலை வெடித்துக் கடலிலிருந்து புதிதாக எழும்பிய தீவில் ஒரு பச்சைப் பெட்டி கிடைக்கிறது. கைமாறிக் கைமாறி ஒரு கிழட்டுப் பணக்காரரிடம் வருகிறது. பெட்டிக்கு உரிமையாளர் கடல். அது இரவுதோறும் வந்து தன் பொருளைக் கேட்கிறது. கிழவர் கொடுக்க மாட்டேன் என்கிறார். வீட்டில் இருக்கும் எல்லோரும் அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுக்கிறார்கள்.

புதையல் தேடிப் போன கணவரைக் கடலுக்குக் கொடுத்த பெண் எழுதிய நாவல் இது. ஒன்றுக்கும் மற்றதற்கும் முடிச்சுப் போடுவது என் வாசிப்புதான். ஆனால் இவருடைய கதைகளை வரிசையாகப் படித்தால், ஆபத்து தானாக வருவதில்லை. எவனோ ஒருவன் தனக்குச் சொந்தமில்லாததை எடுத்துவந்து வீட்டுக்குள் வைக்கிறான், பிறகுதான் கதவு தட்டப்படுகிறது.

‘அன்சீன்–அன்ஃபியர்டு’ என்ற 1919-ஆம் வருடச் சிறுகதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏழைகளும் குடியேறிகளும் வாழும் தெருவில் நடந்து போகிறவனுக்கு, எதிரே வருகிற முகங்கள் மீதெல்லாம் காரணமில்லாத வெறுப்பு. ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அங்கே ஒரு விசேஷ ஒளியில், நம்மைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் அருவருப்பான உருவங்களைக் காட்டுகிறார் ஒரு கிழவர். இவை வேறு உலகத்திலிருந்து வந்தவை அல்ல, மனிதர்களின் கெட்ட எண்ணங்களே இவற்றைப் பெற்றெடுத்தன என்கிறார். அந்நியர்களைப் பூதமாகக் காட்டிக் காசு பண்ணிய பத்திரிகை உலகத்தில் இருந்துகொண்டு, பூதம் நம் வெறுப்பில்தான் பிறக்கிறது என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

அவருடைய மிகச் சிறந்த நாவல் என்று நான் நினைப்பது 1919-இல் ‘த்ரில் புக்’ பத்திரிகையில் தொடராக வந்த ‘தி ஹெட்ஸ் ஆஃப் செர்பரஸ்’. ஒரு குப்பியில் இருக்கும் சாம்பல் நிறத் தூளை முகர்ந்த மூன்று பேர், வேறொரு காலத்துப் பிலடெல்பியாவில் போய் விழுகிறார்கள். வருடம் 2118. அங்கே மக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பதவிகள் போட்டி வைத்துக் கொடுக்கப்படுகின்றன. யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்ட போட்டி. தோற்றவனுக்குச் சாவு. அமெரிக்கச் சுதந்திரத்தின் சின்னமான சுதந்திர மணியே அங்கு மக்களை மிரட்டி வைக்கும் ஆயுதம். அதை அடித்தால் சகலமும் அழிந்துவிடும் என்று சொல்லியே ஆள்கிறார்கள்.

பிலடெல்பியாவை ஏன் எடுத்தார்? அவர் வாழ்ந்த ஊர் என்பது ஒரு காரணம். இன்னொன்று, லிங்கன் ஸ்டெஃபன்ஸ் என்ற பத்திரிகையாளர் 1903-லேயே அந்த நகராட்சியின் ஊழலை அம்பலப்படுத்தி எழுதியிருந்தார். அங்கே தேர்தல் என்பது பேருக்குத்தான். தட்டச்சு மேசையிலிருந்து அதைப் பார்த்த ஒரு பெண், 200 வருடம் தள்ளி வைத்து எழுதிவிட்டார். பெயருக்குப் பதில் எண், எல்லாம் தெரிந்த அரசு என்று நாம் இன்று ஆர்வெல் பெயரைச் சொல்கிறோமே, ஆர்வெலின் ‘1984’ வந்தது 1949-இல். ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ 1932-இல்.

1920-இல் தாய் இறந்தார். எழுத்தும் நின்றது. 1923-இல், அப்போதுதான் தொடங்கியிருந்த ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையில் ‘சன்ஃபயர்’ என்ற தொடர் வந்தது. அதுதான் அவர் பெயரில் வந்த கடைசிக் கதை. எந்தக் கடமைக்காக எழுதினாரோ அது முடிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். மகளோடும் உறவு அறுந்துபோனது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். அதே பத்திரிகைகளில் ஏ. மெரிட் என்ற எழுத்தாளர் பெரும் புகழோடு இருந்தார். ஃபிரான்சிஸ் ஸ்டீவன்ஸ் என்பது மெரிட்டின் இன்னொரு பெயர்தான் என்று வாசகர்கள் நம்பினார்கள். இவ்வளவு நன்றாக எழுதுகிறவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு. 1941, 1942-இல் பென்னட்டின் நாவல்களை ஒரு பத்திரிகை மறுபதிப்புச் செய்தது. அப்போது அவர் கலிபோர்னியாவில் உயிரோடுதான் இருந்தார். வதந்தி ஓயவில்லை. 1952-இல் ‘ஹெட்ஸ் ஆஃப் செர்பரஸ்’ புத்தகமாக வந்தபோது, பதிப்பாளர் எஷ்பாக் எழுதிய முன்னுரையில்தான் உண்மையான பெயரும் வாழ்க்கையும் வெளியே வந்தன. பென்னட் 1948-லேயே காலமாகியிருந்தார். அந்தச் சாவுகூட ஒழுங்காகப் பதிவாகவில்லை. மகளுக்குக் கடைசிக் கடிதம் வந்தது 1939-இல் என்பதால், அந்த வருடமே இறந்துவிட்டார் என்று ஆய்வாளர்கள் நெடுநாள் எழுதி வந்தார்கள். பின்னால் இறப்புச் சான்றிதழ் கிடைத்த பிறகே சரியானது.

வயிற்றுப்பாட்டுக்கு எழுதியது இலக்கியமா என்று சிலர் கேட்பார்கள். என் பதில்: நோயாளித் தாய்க்கும் சின்னக் குழந்தைக்கும் நடுவில் இருந்துகொண்டு, சொல் கணக்கில் காசு வாங்கி, நூறு வருடம் கழித்தும் படிக்கும்படி எழுதினாரே, அதற்கு வேறு என்ன சான்றிதழ் வேண்டும்? அவருடைய கதைகள் காப்புரிமைக் காலம் முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் ‘அன்சீன்–அன்ஃபியர்டு’ கதையிலிருந்து தொடங்கலாம். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.

வரலாற்று வாத்தியாராக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவோ பாட்டியோ அத்தையோ எழுதிய நோட்டு, கடிதம், கணக்கு, கோலப் புத்தகம் எது இருந்தாலும், முதல் பக்கத்தில் அவர்களுடைய முழுப் பெயரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். பென்சிலில் எழுதினாலும் போதும்.

அப்படி ஏதாவது வைத்திருப்பவர்கள் கீழே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்